சோமத்திலிருந்து மோட்சம் வரை: ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவர்தம் வாசகரும்

1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் சாட்டோ அண்டு விண்டஸ் பதிப்பகம் வெளியிட்ட புதினம் ஒன்று, சில திங்களுக்குள்ளாகவே வாசகரை இரண்டு அணியாகப் பிரித்தது. அறிவுலகச் சான்றோர் சிலர் அதனைக் காலத்தின் கண்ணாடி எனக் கொண்டாடினர். வேறு சிலர் மானுட முன்னேற்றத்தின்மீது வீசப்பட்ட சேறு எனச் சினந்தனர். அயர்லாந்து அவ்வாண்டிலேயே அந்நூலைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவும் தடை விதித்து, 1937இல்தான் அதனை நீக்கியது. அப்புதினத்தின் பெயர் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’. அதனை எழுதியவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி.

ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தில், தீவொன்றில் தனித்து வளர்ந்த மிராண்டா என்னும் பெண், வெளியுலக மாந்தரைக் கண்டு வியந்து கூறும் கூற்றிலிருந்து அத்தலைப்பு எடுக்கப்பட்டது. ‘பிரேவ்’ என்னும் சொல்லுக்கு ஷேக்ஸ்பியர் காலத்தில் எழில்மிக்க, சிறப்புமிக்க என்ற பொருள்களும் இருந்தன. துணிச்சல் என்ற இன்றைய பொருளை மட்டும் கொண்டால் தலைப்பின் எள்ளல் புலப்படாது. ‘எழிலார்ந்த புத்துலகம்’ என்பதே அதன் உட்கிடை. புதினத்தின் கதையையும் அது எழுப்பிய பூசலையும் அறிய, முதற்கண் ஆசிரியரின் வாழ்வை அறிதல் வேண்டும். ஏனெனில் வாசகரிடையே தோன்றிய பிளவு, அவருடைய குருதியிலும் வளர்ப்பிலும் முன்னரே இருந்த பிளவாகும்.

மரபும் இழப்பும்

ஆல்டஸ் லியோனார்டு ஹக்ஸ்லி 1894ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள காடல்மிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடைதோறும் வாதாடிய உயிரியல் அறிஞர். தாயார் ஜூலியா, கவிஞரும் திறனாய்வாளருமான மாத்யூ ஆர்னால்டின் உடன்பிறந்தார் மகள். ஆகவே ஒரு பக்கம் அறிவியல், மறுபக்கம் இலக்கியமும் ஒழுக்கவியலும் என இரண்டு பெருமரபுகள் அவ்வில்லத்தில் ஒன்றுகூடின. மூத்தவர் ஜூலியன் பின்னாளில் புகழ்பெற்ற உயிரியலாளராகி, யுனெஸ்கோ நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநரானார்.

பேறுகள் நிறைந்த அவ்விளமையைத் துயரங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. 1908இல், ஆல்டஸுக்குப் பதினான்கு வயதானபோது, தாயார் புற்றுநோயால் மறைந்தார். 1911இல் ஈட்டன் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது கண்ணின் கருவிழியைத் தாக்கிய நோய் அவர் பார்வையைப் பறித்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் இருளில் வாழ்ந்தார். அந்நாளில் பிரெய்ல் எழுத்தை விரலால் பயின்றார். தட்டச்சுப் பொறியில் கண் பாராமல் எழுதக் கற்றார். ஒரு புதினத்தையே அவ்வாறு எழுதி முடித்தார். பார்வை ஓரளவு மீண்டபோது அக்கையெழுத்துப்படி தொலைந்துபோயிருந்தது. மருத்துவராக வேண்டும் என்ற அவர் எண்ணமும் கண்ணோடு போயிற்று. 1914இல் உடன்பிறந்தார் டிரெவனன் மனச்சோர்வுக்கு ஆளாகித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இவ்விழப்புகளை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. துன்பமே இல்லாத ஓர் உலகைப் பின்னாளில் கற்பனை செய்து அதனை அஞ்சத்தக்கதாகக் காட்டியவர், துன்பத்தை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். தாயின் சாவுப்படுக்கையும், இருண்ட கண்களும், உடன்பிறந்தாரின் முடிவும் இருபத்தொரு வயதிற்குள் அவர் கண்டு முடித்தவை.

ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று 1916இல் முதல் வகுப்பில் தேறினார். பயிலும் காலத்தில் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனின் இல்லத்தில் தங்கியிருந்தார். அவர் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், கருப்பைக்கு வெளியே குழந்தைகளை வளர்க்கும் காலம் வரும் என்ற கருத்தை 1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையொன்றில் நம்பிக்கையோடு எடுத்துரைத்தார். அவ்வுரை ‘டேடலஸ்’ என்ற பெயரில் நூலாயிற்று. நண்பர் நம்பிக்கையோடு கண்ட கனவே, சில ஆண்டுகள் கழித்து ஹக்ஸ்லியின் புதினத்தில் தீக்கனவாக உருமாறிற்று.

1917 முதல் சிறிது காலம் ஈட்டன் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவரிடம் பிரெஞ்சு பயின்ற மாணவருள் எரிக் பிளேர் என்பவரும் ஒருவர். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகம் அவரை அறிந்துகொண்டது. பெல்ஜிய நாட்டுப் பெண்ணான மரியா நீஸை 1919இல் ஹக்ஸ்லி மணந்தார். அடுத்த ஆண்டு மகன் மாத்யூ பிறந்தார். பார்வை குன்றிய கணவருக்கு மரியா கண்ணாகவே வாழ்ந்தார். நூல்களைப் படித்துக் காட்டுவதும், தட்டச்சு செய்வதும், மகிழுந்து ஓட்டுவதும் அவர் பணிகளாயின. 1921இல் வெளிவந்த ‘குரோம் எல்லோ’ முதல் 1928இல் வெளிவந்த ‘பாயிண்ட் கவுண்டர் பாயிண்ட்’ வரையிலான புதினங்கள், போருக்குப் பிந்தைய ஆங்கில மேற்குடியினரின் வெறுமையை அங்கதச் சுவையோடு படம்பிடித்தன.

கரு உருவான களம்

1925இன் இறுதியில் ஹக்ஸ்லியும் மரியாவும் இந்தியா வந்தனர். கான்பூரில் சரோஜினி நாயுடு தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டைக் கண்டனர். அப்பயணத்தைப் பற்றி 1926இல் வெளிவந்த ‘ஜெஸ்டிங் பைலட்’ என்னும் நூலில் இந்தியச் சமயங்களின்மீது அவர் காட்டிய மதிப்பு மிகக் குறைவு. இந்திய மெய்ப்பொருளைப் பிற்காலத்தில் உயர்த்திப் பேசிய ஹக்ஸ்லியை மட்டும் அறிந்தவர்க்கு அந்நூல் வியப்பளிக்கும்.

அப்பயணத்தின்போது கப்பலில் ஹென்றி ஃபோர்டின் தன்வரலாற்று நூல் அவர் கைக்குக் கிட்டியது. பின்னர் அமெரிக்காவை அடைந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இடையறாத கேளிக்கையைக் கண்டார். அளவற்ற உற்பத்தி, அளவற்ற நுகர்வு, சிந்தனைக்கு ஒருகணமும் இடந்தராத களிப்பு ஆகிய மூன்றும் ஒரே பொறியின் உறுப்புகள் என்பதை அவர் அங்கு உணர்ந்தார். 1931இல் இங்கிலாந்தின் பில்லிங்காம் நகரிலிருந்த மாபெரும் இரசாயனத் தொழிற்சாலையைப் பார்வையிட்டார். அத்தொழிலின் தலைவராக விளங்கிய ஆல்பிரட் மாண்டின் பெயர், புதினத்தின் ஆட்சியாளருக்கு முஸ்தபா மாண்டு எனச் சூட்டப்பட்டது.

அது உலகப் பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்திருந்த காலம். வேலையின்மை பெருகிற்று, மக்களாட்சியின்மீதிருந்த நம்பிக்கை தளர்ந்தது. திட்டமிடலும் வல்லுநர் ஆட்சியும் நாட்டைக் காக்கும் என்ற பேச்சு எங்கும் ஒலித்தது. ஹக்ஸ்லியும் அப்பேச்சுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1930களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகள் சிலவற்றில் திட்டமிட்ட ஆட்சியையும் இனமேம்பாட்டுக் கொள்கையையும் அவரே ஆதரித்துள்ளார். தாம் ஓரளவு நம்பத் தொடங்கியிருந்த ஒன்றையே புதினத்தில் அவர் எள்ளி நகைத்தார் என்பது வாழ்க்கை வரலாற்றாளர் மறைக்க இயலாத உண்மை.

பிரான்சின் தென்கடற்கரையில் சனாரி என்னும் சிற்றூரில் 1931ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில், ஏறத்தாழ நான்கு திங்களில் புதினம் எழுதி முடிக்கப்பட்டது. எச். ஜி. வெல்ஸ் 1923இல் எழுதிய நற்கற்பனை உலகப் புதினமாகிய ‘மென் லைக் காட்ஸ்’ நூலைக் கேலி செய்யும் விளையாட்டாகவே அது தொடங்கிற்று. எழுத எழுத விளையாட்டு வினையாயிற்று.

புதினம் காட்டும் உலகு

ஃபோர்டு தம் ‘டி’ வகை மகிழுந்தை வெளியிட்ட 1908ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடப்படும் ஃபோர்டாண்டு 632இல் கதை நிகழ்கிறது. சிலுவையின் தலையை வெட்டி ‘டி’ எழுத்தாக்கிய சின்னமே அங்கு வழிபாட்டுச் சின்னம். தாய் வயிற்றில் பிள்ளை பிறப்பதில்லை. கண்ணாடிக் குப்பிகளில் கருக்கள் வளர்க்கப்படுகின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து தொண்ணூற்றாறு உருவங்கள் வரை வார்த்தெடுக்கப்படுகின்றன. ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து பிரிவினராக மனிதர் பிறப்பதற்கு முன்னரே வகுக்கப்படுகின்றனர். கடையர் ஆக வேண்டிய கருக்களுக்கு உயிர்க்காற்றின் அளவு குறைக்கப்படுகிறது. புத்தகத்தையும் மலரையும் தொடும் குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அவற்றின்மீது வெறுப்பு ஊட்டப்படுகிறது. உறங்கும் சிறுவரின் காதில் ஒலிபெருக்கி இரவெல்லாம் நல்லுரை ஓதுகிறது. அவரவரும் தத்தம் பிரிவே சிறந்தது என நம்பி வளர்கின்றனர்.

இவ்வளவும் அறிவியலின் வேலை. இதற்குத் துணையாக நிற்பது வேட்கை. அங்கு இல்லறம் இல்லை. கற்பு என்னும் கருத்து இல்லை. ஒருவரிடத்தே நீண்டநாள் அன்பு கொள்வது ஒழுக்கக்கேடு. தாய் என்னும் சொல் கேட்போரை நாணச் செய்யும் இழிசொல். விரும்பியது உடனே கிடைப்பதால் ஏக்கம் இல்லை. ஏக்கம் இல்லாமையால் கவிதையும் இல்லை. பேசும் படம் புதுமையாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட அப்புதினத்தில், பார்ப்போர் தம் உடலிலேயே தீண்டலை உணரும் படங்கள் காட்டப்படுகின்றன. இவற்றையெல்லாம் மீறி மனத்தில் சிறு கலக்கம் எழுமாயின், சோமா என்னும் மாத்திரை அதனை ஆற்றும்.

சோமா என்ற பெயர் வேதகாலச் சோமபானத்திலிருந்து பெறப்பட்டது. வேள்வியில் தேவர்க்குப் படைக்கப்பட்ட பானத்தின் பெயரை, அரசு நாள்தோறும் பங்கிட்டளிக்கும் மயக்க மாத்திரைக்குச் சூட்டியதில் அங்கதம் கூர்மையானது.

இவ்வுலகினுள், நியூ மெக்சிகோப் பழங்குடிக் காப்பிடத்தில் தாய் வயிற்றில் பிறந்து, ஷேக்ஸ்பியரைப் படித்து வளர்ந்த ஜான் என்னும் இளைஞன் கொண்டுவரப்படுகிறான். லெனினா என்னும் பெண்ணை அவன் காதலிக்கிறான். அவளும் அவனை விரும்புகிறாள். ஆயினும் இருவர் விருப்பமும் வெவ்வேறு மொழியில் பேசுகின்றன. தன்னைத் தகுதியுடையவனாக்கிக்கொள்ள அரிய செயல் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்பது அவன் அறிந்த காதல். விரும்பியவரைத் தடையின்றி அடைவது அவள் அறிந்த காதல். அவள் நெருங்கிவரும்போது அவன் வெகுண்டு விரட்டுகிறான். முஸ்தபா மாண்டுடன் நிகழ்த்தும் உரையாடலில், துன்பப்படும் உரிமையையே ஜான் கேட்டு நிற்கிறான். இறுதியில் சர்ரே மாவட்டத்துக் குன்றொன்றின்மீதுள்ள கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் தனித்து வாழ முயன்று, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தாலும் தன் வேட்கையாலும் தோற்று, தூக்கிட்டு மடிகிறான்.

பிளவுபட்ட வாசகர்

நூலை ஏற்றோருள் ரெபெக்கா வெஸ்ட் குறிப்பிடத்தக்கவர். முஸ்தபா மாண்டின் வாதங்களைத் தாஸ்தாயெவ்ஸ்கி படைத்த தலைமை விசாரணையாளரின் வாதங்களோடு அவர் ஒப்பிட்டார். மக்கள் விடுதலையைச் சுமக்க இயலாதவர், ஆதலின் அவர்தம் நன்மைக்காகவே அதனை நீக்கினோம் என்னும் பழைய வாதம் புதிய காலத்து உடையில் வந்திருப்பதை அவர் கண்டார். உயிர்வேதியியல் அறிஞர் ஜோசப் நீதம், கதையின் உயிரியல் பிழையற்றது என்பதை உறுதி செய்தார். அறிவியலறிஞர் ஒருவர் அளித்த அச்சான்று, நூலை வெறுங்கற்பனை எனத் தள்ளியவர்க்கு விடையாயிற்று.

எதிர்த்தோருள் முதல்வர் வெல்ஸ். அறிவியல் மானுடத்தை மீட்கும் என நாற்பதாண்டுக் காலம் எழுதிவந்த அம்முதியவர், இந்நூலை எதிர்காலத்துக்கு இழைக்கப்பட்ட இரண்டகமாகவே கருதினார். பொதுவுடைமைச் சார்புடைய திறனாய்வாளர், பசியும் வேலையின்மையும் நாட்டை வாட்டும் வேளையில் வயிறு நிறைந்தோரின் இன்பத்தைப் பற்றிக் கவலைப்படும் நூல் எதற்கு என வினவினர். அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வரிசையில் நின்று உணவு பெறுவோர்க்கு, எல்லோரும் உண்டு உடுத்து நோயின்றி வாழும் உலகம் நரகமாகத் தோன்றுமா என்பது அறம் சார்ந்த வினாவே.

இவ்விரு அணியிலும் முழுமையாகச் சேராதோரின் கருத்துகளே மிகுந்த ஆழமுடையவை. பெர்ட்ரண்ட் ரசல், இவ்வுலகை நம் மனம் வெறுக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் வெறுப்புக்கு அறிவு காட்டும் காரணம் எளிதில் அகப்படுவதில்லை என்பதையும் சுட்டினார். போரினால் மனித இனம் அழிவதா, இத்தகைய கட்டுப்பாட்டினுள் வாழ்வதா என்ற நிலை வந்தால் எதனைத் தேர்வது என்ற கலக்கத்தை அவர் வாசகரிடம் விட்டுச் சென்றார். ‘நேச்சர்’ அறிவியல் இதழில் மதிப்புரை வழங்கிய சார்லட் ஹால்டேன், ஜே. பி. எஸ். ஹால்டேனின் துணைவியார். ஒரே உடலில் இருவர் வாழ்ந்த டாக்டர் ஜெக்கில் கதையை நினைவூட்டும் தலைப்பிட்டு, ஹக்ஸ்லி மரபும் ஆர்னால்டு மரபும் இந்நூலுள் ஒன்றோடொன்று மோதுவதை அவர் எடுத்துக்காட்டினார். குடும்பத்தை அணுக்கமாக அறிந்தவர் செய்த அந்நோயறிதல் வியக்கத்தக்க துல்லியமுடையது.

தடை விதித்த அரசுகளின் கண்ணில் பட்டவை பாலுறவும் குடும்பமின்மையும் மட்டுமே. ஒழுக்கமற்ற உலகைக் காட்டியதால் நூல் ஒழுக்கமற்றது என அவை முடிவு செய்தன. உண்மையில், கட்டற்ற வேட்கையை அடிமைத்தளையாகக் காட்டிய நூல் அது. தடை செய்தோரும் ஆசிரியரும் ஒரே தீமையை அஞ்சினர் என்பது இவ்வரலாற்றின் முரண்நகை. அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அந்நூலை நீக்கக் கோரிய குரல்கள் பிற்காலத்திலும் ஓயவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில், எதிர்ப்புக்கு மிகுதியும் உள்ளான பத்து நூல்களுள் ஒன்றாக 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அது இடம்பெற்றது.

1946இல் ஆர்வெல், ருஷ்ய எழுத்தாளர் சமியாத்தினின் ‘நாம்’ புதினத்தைப் பற்றி எழுதியபோது, ஹக்ஸ்லியின் நூல் ஓரளவு அதிலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றார். அந்நூலைத் தாம் படித்ததில்லை என ஹக்ஸ்லி மறுத்தார். அதிகாரவெறியும் கொடுமையும் இல்லாமல் அத்தகைய சமுதாயம் நிலைத்திராது என்பதும் ஆர்வெலின் கருத்து. 1949இல் ஆர்வெலின் ‘1984’ வெளிவந்தபோது, முன்னாள் ஆசிரியர் முன்னாள் மாணவருக்கு மடல் எழுதினார். நூலைப் பாராட்டிய அம்மடல், முகத்தை மிதிக்கும் காலணியைவிட எளியதும் செலவு குறைந்ததுமான வழிகளையே வருங்கால ஆட்சியாளர் தேர்வர் எனத் தம் நிலையில் உறுதியாக நின்றது. அன்று தொடங்கிய அவ்விவாதம் இருவரும் மறைந்த பின்னும் தொடர்ந்தது. 1985இல் அமெரிக்க அறிஞர் நீல் போஸ்ட்மன், தொலைக்காட்சி யுகத்தை விளக்கும் தம் நூலில் ஹக்ஸ்லியின் பக்கமே உண்மை உள்ளது என வாதிட்டார்.

செர்மானிய மெய்யியலார் தியோடர் அடோர்னோ எழுப்பிய எதிர்ப்பு வேறு வகையானது. 1955இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில், இன்பத்தையும் உயர்பண்பாட்டையும் ஒன்றுக்கொன்று பகையாக ஹக்ஸ்லி நிறுத்துவதை அவர் குறை கண்டார். துன்பம் இருந்தால்தான் மேன்மை உண்டு என்னும் கருத்து, துன்பத்தை நிலைநிறுத்துவோர்க்கே துணைபோகும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெண்ணிய நோக்கில் படித்தோர், ஆண் மாந்தர் சிலர்க்கு ஐயமும் தேடலும் அருளிய ஆசிரியர், லெனினாவுக்கு அவ்வளர்ச்சியை மறுத்ததையும் ஆட்சியாளரிடையே ஒரு பெண்ணையும் காட்டாததையும் சுட்டினர். அமெரிக்கப் பழங்குடியினரைச் சித்திரித்த முறையும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. புதினத்தை எழுதும்வரை ஆசிரியர் நியூ மெக்சிகோவைக் கண்டதில்லை.

தம் நூலுக்குத் தாமே எதிர்வாதி

இவ்வளவு வாசகருள்ளும் அப்புதினத்தை மீண்டும் மீண்டும் படித்து, ஏற்றும் மறுத்தும் போராடிய ஒருவர் உண்டு. அவர் ஹக்ஸ்லியே.

1937இல் அவர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, தாம் முன்னர் எள்ளி நகையாடிய லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலேயே குடியேறினார். அங்கு இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி பிரபவானந்தரோடு தொடர்பு ஏற்பட்டது. 1938இல் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்தித்தார். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையாரால் உலக ஆசான் என வளர்க்கப்பட்டு, பின்னர் அப்பட்டத்தைத் தாமே துறந்தவர் கிருஷ்ணமூர்த்தி. இருவரும் நீண்டகால நண்பராயினர். 1954இல் வெளிவந்த கிருஷ்ணமூர்த்தியின் நூலொன்றுக்கு ஹக்ஸ்லி முன்னுரை வழங்கினார். 1926இல் இந்தியச் சமயங்களை அலட்சியமாக நோக்கியவர், 1944இல் பகவத்கீதையின் ஆங்கிலப் பெயர்ப்புக்கு அறிமுகம் எழுதினார். அடுத்த ஆண்டு, பல சமய ஞானியரின் பொதுமையை ஆராயும் ‘தி பெரினியல் பிலாசபி’யை வெளியிட்டார்.

இம்மாற்றத்துக்குப் பின் 1946இல் தம் புதினத்தின் புதிய பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரை, எழுத்தாளர் ஒருவர் தம் படைப்பின்மீது செய்த நேர்மையான திறனாய்வுகளுள் ஒன்று. ஜானுக்குத் தாம் இரண்டே வழிகளை அளித்தது பெருங்குறை என அவர் ஒப்புக்கொண்டார். ஒன்று பொறியுலகின் பைத்தியம். மற்றொன்று பழங்குடிக் காப்பிடத்தின் கடுமை. நலமான மூன்றாம் வழி ஒன்று இருக்கக்கூடும் என்பதை இளமையின் அவநம்பிக்கை தம் கண்ணுக்கு மறைத்தது என்றார். அணுவாற்றலைக் குறிப்பிடத் தவறியதையும் சுட்டினார். ஆறு நூற்றாண்டுக்கு அப்பால் வைத்த அவ்வுலகம் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே வரலாம் என்ற அச்சத்தையும் வெளியிட்டார். 1958இல் எழுதிய ‘பிரேவ் நியூ வேர்ல்டு ரீவிசிட்டட்’ என்னும் கட்டுரை நூல், மக்கள்தொகைப் பெருக்கம், விளம்பரம், மனத்தை மாற்றும் மருந்துகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவ்வச்சத்தை வலுப்படுத்திற்று.

அதற்குள் அவர் வாழ்வில் வாசகரை மறுபடியும் பிரித்த நிகழ்ச்சி ஒன்று நடந்துவிட்டது. 1953ஆம் ஆண்டு மே மாதத்தில், மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் மெஸ்கலின் என்னும் மருந்தை ஹக்ஸ்லி உட்கொண்டார். அவ்வனுபவத்தை விளக்கும் ‘தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. சோமாவை இகழ்ந்த கையே மருந்தின் புகழ் பாடுவதா எனப் பழைய வாசகர் திகைத்தனர். தாமஸ் மான் அதனை உலகிலிருந்து தப்பியோடும் முயற்சியாகக் கண்டார். ஆக்ஸ்போர்டின் சமயவியல் பேராசிரியர் ஆர். சி. சேனர், மருந்தால் வரும் காட்சியும் இறையனுபவமும் ஒன்றல்ல என நூலெழுதியே மறுத்தார். சுவாமி பிரபவானந்தரும் அதனை ஏற்கவில்லை. மறுபுறம், 1960களின் இளைஞர் அந்நூலைத் தம் வேதமாகவே கொண்டனர்.

மோட்ச மருந்து

1955ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மரியா புற்றுநோயால் மறைந்தார். இறுதி நேரங்களில் ஹக்ஸ்லி அவர் அருகிலேயே இருந்து, ஒளியை நோக்கிச் செல்லுமாறு காதோரம் மெல்லப் பேசிக்கொண்டேயிருந்தார். சாவைக் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்து மறக்கடிக்கும் புத்துலகை எழுதியவர், சாவின் முகத்தை நேராக நோக்கி நின்ற நாள் அது. அடுத்த ஆண்டு லாரா ஆர்ச்சேரா என்பவரை மணந்தார். 1961ஆம் ஆண்டு மே மாதம் ஹாலிவுட் குன்றிலிருந்த அவர் இல்லம் தீக்கிரையாயிற்று. நூல்களும் மடல்களும் நாட்குறிப்புகளும் சாம்பலாயின. எழுதிக்கொண்டிருந்த ஒரு புதினத்தின் கையெழுத்துப்படி தப்பியது. அதுவே 1962இல் வெளிவந்த ‘ஐலண்ட்’.

முப்பதாண்டுக்கு முன் தாம் எழுப்பிய வினாவுக்கு ஹக்ஸ்லி தந்த விடை அந்நூல். பாலா என்னும் கற்பனைத் தீவில் அறிவியலும் பௌத்தமும் சைவமும் கைகோத்து வாழ்கின்றன. குழந்தைகள் குப்பியில் அல்லாமல் பல குடும்பங்களின் அரவணைப்பில் வளர்கின்றனர். வேட்கை அங்கு அடக்கப்படுவதும் இல்லை, அடிமைப்படுத்தும் கருவியாவதும் இல்லை. விழிப்போடிருக்கும்படி நினைவூட்ட மைனாப் பறவைகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. அங்கும் ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் மோட்சம். மலையேற்றத்தின் ஆபத்தைக் கடந்து வந்த இளையோர், ஆடவல்லானாகிய நடராசர் திருவுருவின் முன் அமர்ந்து அதனை உட்கொள்கின்றனர். தமிழகச் சிற்பியர் வார்ப்பில் முழுமை பெற்ற அத்திருவுருவம், ஆங்கிலப் புதினமொன்றின் உச்சக்கட்டத்தில் அழிவும் ஆக்கமும் ஒன்றாய் நிற்கும் மெய்ம்மையின் சின்னமாக விளங்குவது, தமிழ் வாசகர் சிறப்பாக நோக்கத்தக்கது.

சோமா துயரை மறக்கச் செய்வது. மோட்சம் துயரையும் சேர்த்துக் காணச் செய்வது. சோமாவை அரசு நாள்தோறும் அளிக்கிறது. மோட்சத்தை வாழ்வில் சில முறையே, ஆசான் துணையோடு ஏற்கின்றனர். வேறுபாடு இவ்வாறு தெளிவாகவே வரையப்பட்டுள்ளது. ஆயினும் வாசகர் அனைவரும் நிறைவடையவில்லை. திறனாய்வாளர் பிராங்க் கெர்மோடு அப்புதினத்தை மிகக் கடுமையாகச் சாடினார். கதையைக் கருத்து விழுங்கிவிட்டது என்றனர் பலர். கலை நோக்கில் அக்குறை உண்மையே. மற்றொரு ஐயமும் எஞ்சி நிற்கிறது. அடிமைத்தனத்தை உள்ளே வாழ்வோர் உணரார் என்பதைப் புத்துலகம் நமக்குக் கற்பித்தது. அங்ஙனமாயின், விழிப்பைத் தருவதாகக் கூறும் மருந்தை எவ்வாறு நம்புவது? ஹக்ஸ்லி தாமே இவ்வையத்தை மறந்தவர் அல்லர். பேராசை கொண்ட அண்டைநாட்டுப் படை பாலாவுக்குள் நுழைவதோடுதான் ‘ஐலண்ட்’ முடிகிறது. தாம் கண்டெடுத்த மூன்றாம் வழியையும் அவர் காப்பற்றதாகவே விட்டுச் சென்றார்.

நிறைவு

1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட நாளும் அதுவே. உலகம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த அந்நாளில் அவர் இறப்புச் செய்தி ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பேச இயலாத நிலையில், எல்.எஸ்.டி. மருந்தைத் தமக்குச் செலுத்துமாறு தாளில் எழுதிக் காட்டினார். லாரா அதனை ஊசிவழியாக இருமுறை செலுத்தினார். அதனைச் சோமா என்பதா, மோட்சம் என்பதா என்பதில் அவர் வாசகர் இன்றளவும் ஒன்றுபட்டிலர்.

அவர் மறைவுக்குப் பின் புதினத்தின் நிழல்கள் ஒவ்வொன்றாக உருப்பெற்றன. அவர் வாழ்நாளிலேயே, 1960இல் கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. 1978இல் இங்கிலாந்தில் சோதனைக்குழாய் முறையில் முதல் குழந்தை பிறந்தது. 1996இல் டாலி என்னும் செம்மறியாடு படியாக்க முறையில் உருவாக்கப்பட்டது. 2017இல் அமெரிக்க அறிவியலார், குறைமாத ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரம்பிய பையில் சில வாரங்கள் வளர்த்துக் காட்டினர். ஒவ்வொரு செய்தி வந்தபோதும் ஹக்ஸ்லியின் நூற்பெயர் ஒலித்தது. பிள்ளைப்பேறின்றி வருந்திய இணையர் பலர்க்கு அதே அறிவியல் கண்ணீர் துடைத்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். கருவி எது என்பதைவிட, அதனை யார், யாருக்காக, யாருடைய இசைவோடு கையாள்கின்றனர் என்பதே ஹக்ஸ்லியின் இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போர்க்குத் தெளிவாகும் பாடம்.

1971இல் ஹக்ஸ்லியின் சாம்பல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சர்ரே மாவட்டத்தின் காம்ப்டன் ஊரில் குடும்பக் கல்லறையில் சேர்க்கப்பட்டது. தாயார் உறங்குமிடம் அது. அவர் பிறந்த காடல்மிங் அருகிலேயே உள்ளது. புதினத்தின் இறுதியில் ஜான் தனிமை தேடிச் சென்று மடிந்த கலங்கரை விளக்கத்தை ஹக்ஸ்லி எழுப்பியதும் அவ்வூரிலிருந்து சில கல் தொலைவிலேயேதான். உலகனைத்தையும் குப்பிகளில் அடைத்துக் காட்டிய கற்பனை, ஒரு மனிதன் துன்புறும் உரிமையோடு நிற்பதற்கு இடம் தேடியபோது, தாயை இழந்த பதினான்கு வயதுச் சிறுவன் நடந்து திரிந்த குன்றையே தேர்ந்தெடுத்திருந்தது.